அதிகுளிரில் மோதல்கள் நிற்பதில்லை: ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வெளிவந்த, லேசர் ஒளியால் மூலக்கூறுகளைச் சிறைப்பிடித்து ஆராய்வது பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எளிதில் விளங்காத ஒரு துறைக்கு அரைப் பக்கம் ஒதுக்கியமைக்கு முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆயினும் அக்கட்டுரையின் நடுவே வரும் ஒரு கூற்றைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை. தனிச்சுழி வெப்பநிலையை (அதாவது கழித்தல் 273 டிகிரி செல்சியசுக்குச் சற்றுக் கீழான, அதற்கும் கீழே குளிர வைக்க இயலாத எல்லையை) நெருங்கும்போது அணுக்களும் மூலக்கூறுகளும் அசைவற்று நின்றுவிடுவதால் அவற்றுக்கிடையே வேதிவினை எதுவும் நிகழாது என்னும் பொருள்பட அங்கே எழுதப்பட்டிருக்கிறது. ஆய்வுக்கூடங்களில் கண்டறியப்பட்டதோ இதற்கு நேர்மாறானது. இத்துறையின் கடந்த 15 ஆண்டு வரலாறு முழுவதுமே அந்தக் குளிரில் நிகழும் மோதல்களின் வரலாறுதான் என்பதால், இதைச் சிறு பிழையாகக் கருதி விட்டுவிட இயலவில்லை.

கட்டுரையாளரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. 30 ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த நானும், வெப்பநிலை குறையக் குறைய வினையின் வேகம் குறையும் என்றுதான் மாணவர்களுக்குச் சொல்லிவந்தேன். ஆட்டி வைத்த இட்லி மாவு வெளியில் இருந்தால் ஓர் இரவில் பொங்கிவிடுகிறது; குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் நாள்கணக்கில் அப்படியே இருக்கிறது. ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் அரீனியஸ் 1889இல் வகுத்த விதியும் இந்த அனுபவத்தையே கணக்காகச் சொல்கிறது. ஆனால் அந்த விதி, வினை நிகழ்வதற்கு முன் தாண்டவேண்டிய ஆற்றல் அரண் ஒன்று இருக்கும் இடங்களுக்கே பொருந்தும். அரணே இல்லாத வினைகளும் உண்டு. அத்தகைய வினையில் ஈடுபடும் இரு துகள்களை ஒரு கெல்வினில் பத்து லட்சத்தில் ஒரு பங்கிற்கும் கீழே குளிர வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு, அரீனியசின் விதியில் விடை கிடையாது. குவாண்டம் விதிகளிடம்தான் போய்க் கேட்கவேண்டும்.

அசைவற்று நிற்பது என்ற சொல்லையே முதலில் எடுத்துக்கொள்வோம். பொட்டாசியமும் ருபீடியமும் சேர்ந்த மூலக்கூறு ஒன்று 300 நானோகெல்வினில், அதாவது ஒரு கெல்வினில் ஏறத்தாழ முப்பது லட்சத்தில் ஒரு பங்கு வெப்பநிலையில், நொடிக்குச் சுமார் 7 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது. நம் அறைக் காற்றின் மூலக்கூறுகள் நொடிக்கு 400 மீட்டருக்கு மேல் பாய்வதோடு ஒப்பிட்டால் இது ஊர்தல்தான்; ஆனாலும் நிற்பதன்று. இதைவிட முக்கியமான செய்தி வேறொன்று இருக்கிறது. வேகம் குறையும்போது துகளின் அலைநீளம் கூடுகிறது. மேற்சொன்ன வெப்பநிலையில் அந்த மூலக்கூறின் அலைநீளம் ஒரு மைக்ரோமீட்டரில் கால் பங்கைத் தாண்டிவிடுகிறது. அது மூலக்கூறின் சொந்த அளவைப் போலப் பல நூறு மடங்கு. இந்நிலையில் இரு மூலக்கூறுகளைச் சுண்டாட்டக் காய்களைப் போல மனத்தில் உருவகித்துக்கொள்வது பயன்படாது. இரண்டு அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படர்கின்றன என்று எண்ணுவதே சரி. அமெரிக்காவில் வாழ்ந்த ஹங்கேரிய இயற்பியலர் விக்னர் 1948இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து பெறப்படும் முடிவு இது: தலைக்குத் தலை நேராக, சுற்றாமல் சந்திக்கும் இரு துகள்களின் வினைவேக மாறிலி, அதாவது அவை எவ்வளவு எளிதாக வினைபுரியும் என்பதைக் காட்டும் எண், வெப்பநிலை எவ்வளவு தாழ்ந்தாலும் சுழியாகிவிடாமல் ஒரு நிலையான மதிப்பில் நின்றுவிடுகிறது.

இவ்வளவு குளிர்ந்த துகள்களை லேசரால் பிடித்து வைக்கும் பொறி எப்படி இருக்கும் என்பதையும் சற்றே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நான் அதைப் பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வுக்கூடத்தில் விருந்தினனாகச் சில வாரங்கள் இருந்தபோது, எஃகு வெற்றிடக் கலனின் கண்ணாடிச் சன்னலில் முகத்தை வைத்துப் பார்க்கும்படி அங்கிருந்த ஆய்வு மாணவர் சொன்னார். கலனின் நட்டநடுவே, எதையும் தொடாமல், எதன்மீதும் நிற்காமல், மிளகளவு மஞ்சள் ஒளி ஒன்று மிதந்துகொண்டிருந்தது. ஆறு திசைகளிலிருந்தும் வந்து சந்தித்த லேசர் கதிர்களும் ஒரு காந்தப்புலமும் சேர்ந்து பிடித்து வைத்திருந்த கோடிக்கணக்கான சோடியம் அணுக்கள் அவை. தெருவில் எரியும் பழைய சோடியம் விளக்கின் அதே மஞ்சள்தான். ஆனால் விளக்கினுள் தகிக்கும் வெப்பம், இங்கோ தனிச்சுழிக்கு மேல் ஒரு கெல்வினில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிறகு அந்த மாணவர் மஞ்சள் லேசரை அணைத்துவிட்டு, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு லேசரால் அமைந்த இரண்டாம் பொறிக்கு அணுக்களை மாற்றினார். ஒளி மறைந்தது, இருள் மட்டும் தெரிந்தது. அணுக்கள் அங்கேயேதான் இருந்தன. ஒரு கதிரைக் கூர்மையாகக் குவித்தால், அதன் செறிவு மிக்க புள்ளியை நோக்கி அணு இழுக்கப்படும் என்ற ஒரே தத்துவத்தில் அந்தப் பொறி இயங்குகிறது. இன்றைய மூலக்கூறு ஆய்வுகளில் பெரும்பாலானவை நிகழ்வது இந்த இரண்டாம் வகைப் பொறியில்தான்.

இனி வேதிவினைக்கு வருகிறேன். அமெரிக்காவின் போல்டர் நகரில் உள்ள ஜிலா ஆய்வு நிறுவனத்தில் டெபோரா ஜின், ஜுன் யே ஆகியோரின் குழு 2008இல், பொட்டாசியம் ருபீடியம் மூலக்கூறுகளை அவற்றின் மிகத் தாழ்ந்த ஆற்றல் நிலையில், 350 நானோகெல்வின் வெப்பநிலையில் உருவாக்கிக் காட்டியது. மூலக்கூறுகளை நேரடியாகக் குளிர வைக்க அவர்கள் முயலவில்லை. முன்னரே குளிர வைத்த பொட்டாசியம் அணுவையும் ருபீடியம் அணுவையும் காந்தப்புலத்தைத் திருகித் தளர்வாகப் பிணைத்தார்கள். பிறகு இரண்டு லேசர்களைப் பயன்படுத்தி, ஒன்று மேலே தூக்குவதும் மற்றொன்று கீழே இறக்குவதுமாக, இடைப்பட்ட படியில் கால் வைக்காமலேயே அந்த மூலக்கூறுகளை அடிமட்டத்திற்குக் கொண்டுசேர்த்தார்கள். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1928இல் கண்டறிந்த ஒளிச்சிதறலே இந்த உத்திக்கு அடிப்படை. உத்தியின் பெயரிலேயே ராமனின் பெயர் இருக்கிறது. தங்கள் கட்டுரையில் இது இடம்பெற்றிருந்தால் நம் மாணவர்கள் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்கள்!

மூலக்கூறுகள் கிடைத்த மகிழ்ச்சியோடு, அவை பொறியிலிருந்து காணாமற்போவதும் உடனே தெரியவந்தது. காணாமற்போனதை எப்படி அறிகிறார்கள் என்பதுதான் இந்த ஆய்வின் உயிர்நாடி. பொறியை நிரப்பி, பத்தில் ஒரு நொடி காத்திருந்து, மிஞ்சியிருக்கும் மூலக்கூறுகளை வந்த வழியே மீண்டும் தளர்வான நிலைக்கு ஏற்றி, அவற்றின்மீது ஒளி பாய்ச்சி, விழும் நிழலைப் படமெடுக்கிறார்கள். நிழல் எவ்வளவு கருமையாக இருக்கிறதோ அவ்வளவு மூலக்கூறுகள் மிஞ்சியிருக்கின்றன என்று பொருள். படமெடுத்ததும் அந்த மேகம் கலைந்துவிடும். ஆகவே புதிதாக ஒரு மேகத்தை உண்டாக்கி, அரை நொடி காத்திருந்து மறுபடியும் ஒரு படம். பிறகு ஒரு நொடி. பிறகு இரண்டு நொடி. இப்படி இரவெல்லாம் சேர்த்த புள்ளிகளை இணைத்தால் கிடைக்கும் வளைகோட்டின் வடிவமே, நடந்தது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறது. கலனில் எஞ்சியுள்ள காற்று மூலக்கூறுகள் வந்து தட்டிவிட்டிருந்தால், மேகத்தின் அடர்த்தி பாதியாகும்போது இழப்பின் வேகமும் பாதியாகும். மூலக்கூறுகள் தமக்குள்ளேயே இரண்டிரண்டாக மோதி அழிந்திருந்தால், அடர்த்தி பாதியாகும்போது இழப்பு கால் பங்காகும். ஜிலாவில் கிடைத்தது இரண்டாவது வகை வளைகோடு.

இரண்டு பொட்டாசியம் ருபீடியம் மூலக்கூறுகள் சந்தித்து, ஜோடியை மாற்றிக்கொண்டு, பொட்டாசியம் இரட்டையாகவும் ருபீடியம் இரட்டையாகவும் பிரிகின்றன என்று 2010இல் அக்குழு அறிவித்தது. அவ்வாறு பிரியும்போது வெளிப்படும் ஆற்றல், வெப்பநிலைக் கணக்கில் ஏறத்தாழ 14 கெல்வின்தான். அன்றாட வேதியியலில் இதை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். ஆனால் பொறியின் ஆழமோ, அதாவது அதிலிருந்து தப்பத் தேவைப்படும் ஆற்றலோ, மைக்ரோகெல்வின் கணக்கில் இருப்பதால், பிறந்த இரட்டைகள் கணத்தில் வெளியே பாய்ந்துவிடுகின்றன. அதே ஆய்வில் தெரியவந்த மற்றொன்றை நான் இன்றும் வியப்போடு நினைக்கிறேன். மூலக்கூறுகள் அனைத்தும் அணுக்கருத் தற்சுழற்சி உட்பட எல்லா வகையிலும் ஒரே நிலையில் இருந்தால், அவை பெர்மியான்கள், அதாவது ஒரே நிலையில் இரண்டு சேர்ந்து இருக்க இயலாத வகைத் துகள்கள், என்பதால் ஒன்றையொன்று நேருக்கு நேர் அணுக இயலாது. சுற்றி வந்துதான் சந்திக்கவேண்டும். அந்தச் சுற்றே ஓர் அரணாக நின்று வினையைத் தாமதப்படுத்துகிறது. பாதி மூலக்கூறுகளின் அணுக்கருத் தற்சுழற்சியை மட்டும் மாற்றிவிட்டால் அந்தத் தடை நீங்கி, வினையின் வேகம் 10 முதல் 100 மடங்கு வரை கூடிவிடுகிறது. வேதியியலில் எந்தப் பங்கும் வகிக்காது என்று நாம் ஒதுக்கிவைத்த அணுக்கருவின் சுழற்சி, அந்தக் குளிரில் வினையைத் திறக்கும் சாவியாகிவிடுகிறது.

அணுவும் மூலக்கூறும் மோதும்போதும் இதே நுட்பம் வெளிப்படுகிறது. பொட்டாசியம் ருபீடியம் மூலக்கூறின் அருகே தனித்த பொட்டாசியம் அணு ஒன்று வந்தால், அது ருபீடியத்தை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் அமர்ந்துகொள்கிறது. பொட்டாசியம் இரட்டையின் பிணைப்பு வலிமையானது என்பதால் இது ஆற்றல் சரிவில் இறங்கும் வினை. ருபீடியம் அணு வந்தால் அவ்வாறு செய்ய ஆற்றல் போதாது. ஒரே மூலக்கூறு, இரண்டு விருந்தினர்கள், இரண்டு வேறுபட்ட விளைவுகள். அறை வெப்பநிலையில் இந்தச் சிறு வேறுபாடு வெப்ப ஆற்றலின் இரைச்சலில் மூழ்கிப்போயிருக்கும்.

இதுவரை கூறியவை ஓரளவு எதிர்பார்க்கப்பட்டவை. எதிர்பாராதது அதன்பின் நேர்ந்தது. வினை நிகழ்வதால்தானே மூலக்கூறுகள் அழிகின்றன, வினைபுரிய ஆற்றலே இல்லாத மூலக்கூறுகளைத் தேர்ந்தெடுத்தால் அவை பொறியில் நெடுநேரம் தங்கும் என்று உலகெங்கும் பல குழுக்கள் எண்ணின. இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் ருபீடியம் சீசியமும், ஹாங்காங்கில் சோடியம் ருபீடியமும் அவ்வாறே தேர்ந்தெடுக்கப்பட்டன. அவையும் ஏறக்குறைய அதே வேகத்தில் காணாமற்போயின. வினை இல்லை, ஆனால் இழப்பு இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கருவிகளை அமைத்த இளம் ஆய்வாளர்கள் அந்த வளைகோட்டைப் பார்த்து எவ்வளவு சோர்ந்திருப்பார்கள் என்பதை என்னால் உணர முடிகிறது.

இதற்குச் சொல்லப்பட்ட விளக்கம் இதுதான். மோதும் இரு மூலக்கூறுகளின் நான்கு அணுக்களும் உடனே பிரிந்துவிடாமல், ஒரு கூட்டாக ஒட்டிக்கொண்டு, தமக்குள் எத்தனையோ வகைகளில் இடம் மாறி ஆடிக்கொண்டிருக்கின்றன. சாதாரண மோதலோடு ஒப்பிட்டால் அந்தக் கூட்டு நெடுங்காலம் வாழ்கிறது. அவ்வாறு வாழும் வேளையில், மூலக்கூறுகளைப் பிடித்து வைப்பதற்காக நாமே பாய்ச்சிய அகச்சிவப்பு ஒளியை அது விழுங்கி, வேறு நிலைக்குச் சென்று அழிந்துபோகிறது. தனி மூலக்கூறுக்குத் தீங்கு செய்யாதபடி பார்த்துப் பார்த்துத் தேர்ந்த அலைநீளம், மோதலால் பிறந்த கூட்டுக்கு நஞ்சாகிவிடுகிறது. காப்பதற்குக் கட்டிய வேலியே மேய்ந்த கதை இது.

இது வெறும் ஊகமாக நின்றுவிடவில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் காங் குவென் நீயின் குழு 2019இல், பொட்டாசியம் ருபீடியம் மோதலில் பிறக்கும் நான்கு அணுக் கூட்டையே புற ஊதா லேசரால் அயனியாக்கி, அதன் நிறையை அளந்து, நேரடியாகக் கண்டது. அடுத்த ஆண்டு, பொறியின் ஒளியை விட்டுவிட்டு எரியச் செய்து, இருள் நிலவும் இடைவெளிகளில் அந்தக் கூட்டின் ஆயுளை அளந்து, ஏறத்தாழ 360 நானோநொடி என்று அறிவித்தது. டர்ஹாம் குழுவும் அதே ஆண்டில் இதே உத்தியைக் கையாண்டு, ருபீடியம் சீசியக் கூட்டின் ஆயுள் சுமார் 0.53 மில்லிநொடி என்று கண்டறிந்தது. இருளை நீட்டியபோது அங்கே இழப்பு உண்மையிலேயே குறைந்தது. இத்துடன் புதிர் அவிழ்ந்துவிட்டது என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். ஆனால் சோடியம் பொட்டாசியத்திலும் சோடியம் ருபீடியத்திலும் 2021இல் இதே சோதனையைச் செய்தபோது, இருள் எந்த மாற்றத்தையும் தரவில்லை. ருபீடியம் அணுவும் பொட்டாசியம் ருபீடியம் மூலக்கூறும் மோதிப் பிறக்கும் மூன்று அணுக் கூட்டை ஹார்வர்டு குழு பின்னர் அளந்தபோது, அதன் ஆயுள் 0.39 மில்லிநொடியாக இருந்தது. கோட்பாடு கணித்ததைவிட அது பல்லாயிரம் மடங்கு அதிகம். மூன்றே அணுக்கள், நன்கு அறிந்த விதிகள். ஆயினும் கணக்கு ஒத்துவரவில்லை. இந்தக் கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது என்பதைத் தங்கள் வாசகர்கள் அறியவேண்டும் என்பது என் விருப்பம்.

மோதல் எப்போதும் அழிப்பதும் இல்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கெட்டர்லேயின் குழு 2020இல், சோடியம் லித்தியம் மூலக்கூறுகளைச் சோடியம் அணுக்களின் நடுவே வைத்து, இரண்டின் தற்சுழற்சிகளையும் ஒரே திசையில் நிறுத்தி, மோதல்கள் மூலமாகவே 220 நானோகெல்வின் வரை குளிர வைத்தது. சூடான பாலை ஆற்றும்போது காற்று வெப்பத்தை வாங்கிக்கொள்வது போல, அணுக்கள் மூலக்கூறுகளின் வெப்பத்தை வாங்கிக்கொண்டன. சீனாவில் போ ஜாவோ, ஜியான் வெய் பான் ஆகியோரின் குழு, சோடியம் பொட்டாசியம் மூலக்கூறும் பொட்டாசியம் அணுவும் மோதுவதைக் காந்தப்புலத்தால் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்று 2019இல் காட்டியது. 2022இல் அதே வழியில் மூன்று அணு மூலக்கூறு உருவானதற்கான சான்றையும் தந்தது. ஹார்வர்டில் ஒளி இடுக்கி எனப்படும் மிக நுண்ணிய கதிரில் சரியாக இரண்டே இரண்டு கால்சியம் ஃபுளோரைடு மூலக்கூறுகளை வைத்து, அவை மோதும் வரை காத்திருந்து பார்த்திருக்கிறார்கள்.

தங்கள் கட்டுரை போற்றிய 2024ஆம் ஆண்டின் சாதனை, அதாவது கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செபாஸ்டியன் வில்லின் குழு சோடியம் சீசியம் மூலக்கூறுகளைக் கொண்டு 6 நானோகெல்வினில் உருவாக்கிய போஸ் ஐன்ஸ்டீன் செறிபொருள் (துகள்கள் ஒரே குவாண்டம் நிலையில் திரண்டு ஒரே அலையாக இயங்கும் நிலை), மோதலை வென்றதால் கிடைத்ததுதான். மூலக்கூறுகள்மீது நுண்ணலையைப் பாய்ச்சி, அவை நெருங்கும்போது தொலைவிலேயே ஒன்றையொன்று விலக்கிக்கொள்ளுமாறு செய்தார்கள். ஒட்டிக்கொள்ளும் தூரத்திற்கு அவை வருவதே இல்லை. இந்தக் கவசத்தை 2021இல் ஹார்வர்டு குழுவும், 2022இல் சோடியம் பொட்டாசியத்தை 21 நானோகெல்வினுக்குக் கொண்டுசென்ற ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தாரும் முன்னரே செயலில் காட்டியிருந்தனர். செறிபொருள் ஏறத்தாழ இரண்டு நொடி நிலைத்திருந்தது. டாக்காவில் ஆசிரியராக இருந்த சத்தியேந்திர நாத் போஸ் தம் கட்டுரையை ஐன்ஸ்டீனுக்கு அனுப்பியது 1924இல். சரியாக ஒரு நூற்றாண்டு கழிந்து இத்தகைய மூலக்கூறுகள், அவர் கணக்கைத் தொடர்ந்து ஐன்ஸ்டீன் முன்னறிவித்த நிலையை அடைந்தன. இந்தப் பாதையைத் தொடங்கிவைத்த டெபோரா ஜின் 2016இல், 47ஆம் வயதில் காலமாகிவிட்டார். மூலக்கூறுகள் மறைந்துபோன அந்த முதல் வளைகோடுகளைத் தோல்வி என்று ஒதுக்காமல் அளந்து வைத்தவர்களில் அவரும் ஒருவர் என்பதால், அவர் பெயர் கட்டுரையில் இல்லாதது எனக்கு வருத்தம் தந்தது.

நம் நாட்டிலும் மோதல் ஆய்வுக்கு இடம் உண்டு. பெங்களூரில் உள்ள ராமன் ஆய்வு நிறுவனத்தில், அதிகுளிர் ருபீடியம் அணுக்களையும் அயனிகளையும் ஒரே பொறியில் வைத்து, மோதல் வழியாக அயனிகள் குளிர்வதைக் காட்டிய ஆய்வு 2012இல் வெளியாயிற்று. 2023 ஏப்ரலில் ஒன்றிய அரசு ரூ.6,003.65 கோடி மதிப்பில் தேசிய குவாண்டம் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்திருக்கிறது; அதன் மையங்களுள் ஒன்று சென்னை ஐஐடியில் அமைகிறது. இத்துறையில் நுழைய விரும்பும் மாணவர்கள் பலர் தங்கள் அறிவியல் பக்கத்தை வாசிப்பவர்கள். அதிகுளிரில் எல்லாம் அமைதியாக உறைந்து கிடக்கும் என்று நம்பி ஆய்வுக்கூடத்திற்குள் செல்லும் மாணவர், தம் பொறியிலிருந்து மூலக்கூறுகள் மறைவதை முதன்முதலில் காணும்போது அதைத் தம் பிழை என்றே எண்ணுவார்.

ஆகவே, வேதிவினை நிகழாது என்ற அந்த வரிக்குத் தங்கள் அறிவியல் பக்கத்திலேயே ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடமிருந்தால், இருளிலும் குறையாத அந்தச் சோடியம் பொட்டாசிய இழப்பைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையை இத்துறையில் பணியாற்றும் ஒருவரிடம் கேட்டு வாங்கி வெளியிடவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர்,
பாளையங்கோட்டை.